துணியின் ஜிஎஸ்எம் கூடினால் தரமும் கூடுமா? தினமும் உடுத்த எவ்வளவு வேண்டும்?

கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர். இணையத்தில் ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு பருத்தி உடைகளைப் பார்த்திருக்கிறார். சட்டையில் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் எடை) என்றும் டி-ஷர்ட்டில் 180 ஜிஎஸ்எம் என்றும் போட்டிருக்கிறதாம். அப்படியானால் சட்டைத் துணி மட்டமா என்று கேட்கிறார்.

இல்லை. இந்த ஒற்றைச் சொல்லைக் கற்க எனக்கு மூன்று டி-ஷர்ட்டுகளின் விலை ஆனது. வீடு சேலம் அம்மாபேட்டையில், கணக்கு எழுதுவது ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில். வீடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் அலுவலகம் சுமார் 1500 மீட்டரில். காலையில் வியர்வையோடு வண்டியை எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏழெட்டு டிகிரி குறைந்த இடத்தில் போய் இறங்குகிறவன் நான். மேலே குளிருக்கு ஆகும், நெடுநாளும் உழைக்கும் என்று எண்ணி ஓர் ஆடித் தள்ளுபடியில் 240 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டாகப் பார்த்து மூன்று வாங்கினேன். ஐப்பசியில் ஏற்காட்டு மழையில் நனைந்தது ஒன்று, மூன்று நாள் அலுவலகக் கொடியில் தொங்கியும் காயவில்லை. நான்காம் நாள் அதிலிருந்து எழுந்த வாடையை இங்கே எழுத விரும்பவில்லை. சித்திரையில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு சேலம் பழைய பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் நின்றேன். அதற்குள் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. விற்றவர் ஏமாற்றவில்லை. 240 என்றார், 240 இருந்தது. என் நினைப்புதான் தப்பு.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் ஜிஎஸ்எம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மூட்டையில் 25 கிலோ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பொன்னியா, இட்லி அரிசியா என்று தெரியுமா? அதே கதைதான்.

இதை எனக்கு விளக்கியவர் எதிர்வீட்டு மாமா. நாற்பது வருடம் தறி ஓட்டியவர். என் டி-ஷர்ட் புராணத்தைக் கேட்டுவிட்டு, "எடையை மட்டும் கேட்டால் எப்படி? நூல் என்ன நம்பர், அங்குலத்துக்கு எத்தனை இழை, அதையெல்லாம் யார் கேட்பது?" என்றார்.

நூல் நம்பர் என்பது எடையைத் தலைகீழாகச் சொல்லும் கணக்கு. பருத்தி நூலில் ஒரு சிட்டம் என்றால் 840 கஜம். ஒரு பவுண்டு நூலில் இப்படி 40 சிட்டம் இருந்தால் அது 40-ஆம் நம்பர். 80 சிட்டம் இருந்தால் 80-ஆம் நம்பர். எண் ஏற ஏற நூல் மெலியும். (பட்டுக்கு வந்தால் கணக்கு மாறிவிடும். 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது டெனியர். அங்கே எண் ஏற ஏற நூல் தடிக்கும். வெண்பட்டு வேட்டிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் நான் வெகுநாள் குழப்பிக்கொண்டிருந்தேன்.)

இனி மாமா போட்டுக் காட்டிய கணக்கு. 20-ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்குப் பாவு (நீளவாட்டு நூல்) 48 இழை, ஊடை (குறுக்கு நூல்) 40 இழை வைத்து ஒரு துணி நெய்கிறோம். 40-ஆம் நம்பர் நூலில் பாவு 96, ஊடை 80 வைத்து இன்னொரு துணி. இரண்டையும் நிறுத்தால் ஒரே எடைதான். சதுர மீட்டருக்கு 105 முதல் 110 கிராம் வரும். நூல் பாதியாக மெலிந்தது, இழை இரண்டு மடங்கானது, எடை அப்படியே நின்றது. ஆனால் உடுத்தும்போது இரண்டுக்கும் உறவே இல்லை. முதலாவது சொரசொரப்பாக, இழைகளுக்கு நடுவே இடைவெளியோடு இருக்கும். காற்று தாராளமாகப் போய்வரும். இரண்டாவது வழவழவென்று நெருக்கமாக இருக்கும், பார்வைக்குப் பணக்காரத்தனமாகவும் இருக்கும், காற்றைக் குறைவாகவே விடும். ஜிஎஸ்எம் எண் இந்த இரண்டையும் ஒன்றென்றே சொல்லும்.

இப்போது உங்கள் 120-க்கும் 180-க்கும் வருகிறேன். சட்டைத் துணி தறியில் நெய்தது. டி-ஷர்ட் துணி திருப்பூர்ப் பாணியில் பின்னியது. நூலை வளையம் வளையமாகக் கோத்து இழுப்பதால் அதே பரப்புக்கு அதிக நூல் உள்ளே போகும். ஆகவே பின்னல் துணியின் எண்ணையும் நெய்த துணியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியல்ல. டி-ஷர்ட்டில் 180 என்பது நடுத்தரக் கனம், சட்டையில் 120 என்பதும் நடுத்தரக் கனம். நெய்த சட்டைத் துணி 180-க்குப் போனால் அது சேலத்து வெயிலுக்கு ஆகாத கனம்.

நான் கைக்கணக்காக வைத்திருப்பதைச் சொல்கிறேன். மல் துணி போன்ற மெல்லியவை 60 முதல் 80. வெள்ளையில் வாங்கினால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும், நிறத்தில் வாங்கினால் கோடைக்கு அதைப்போல வேறில்லை. பாப்ளின் சட்டைகள் 100 முதல் 125. ஆக்ஸ்போர்டு நெசவுச் சட்டை 140-ஐத் தாண்டும். மார்கழிக்கு நன்றாக இருக்கும். லினன் 150, 160 இருந்தாலும் பயப்பட வேண்டாம், நெசவு நெருக்கமில்லை என்றால் காற்று வரும். பருத்திக் கால்சட்டைக்கு 200-க்குக் கீழே போனால் முழங்காலில் சீக்கிரம் தொளதொளத்துவிடும். 220 முதல் 260 வரை எனக்குச் சரிப்பட்டிருக்கிறது. ஜீன்ஸ் துணியை மட்டும் அவுன்ஸில் சொல்வார்கள். சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம், ஆகவே 12 அவுன்ஸ் ஜீன்ஸ் 400-ஐத் தொடும். சேலத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. அவர்களுக்கு என் வேட்டியைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கலாம்.

எடை சரியாக இருந்தும் நார் தப்பாக இருந்தால் பயனில்லை. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் 110 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் சட்டை, 140 ஜிஎஸ்எம் பருத்திச் சட்டையைவிட மெலிதாக இருந்தும் அதிகம் புழுங்குகிறது. ஆனால் மலையில் மழையில் நனைந்தால் இதுவே தலைகீழ். கையால் பிழிந்த பிறகும் பருத்தி ஏறக்குறைய தன் எடையளவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். என் டி-ஷர்ட் 300 கிராம் என்றால் தண்ணீரும் கிட்டத்தட்ட அவ்வளவு. மூடுபனி சன்னலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஊரில் அது எங்கே போய்க் காயும்?

குளிருக்குக் கனத் துணி என்பதிலும் பாதிதான் உண்மை. அடிவாரத்தில் இருந்து வண்டியில் ஏறும்போது குளிர்வது காற்றினால். தடித்த கம்பளி ஸ்வெட்டரின் கண்களுக்குள் காற்று நேராக நுழையும். அதற்கு மேல் 100 ஜிஎஸ்எம்கூட இல்லாத, நெருக்கமாக நெய்த ஒரு மேலுறையை மாட்டினால் உடனே அடங்கிவிடும். உடம்புக்கும் துணிக்கும் நடுவே, துணிக்கும் துணிக்கும் நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இப்போது நான் போடுவது மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் ஓர் அரைக்கை ஸ்வெட்டர், அதன்மேல் அந்த மேலுறை. மாலையில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஒன்றொன்றாகக் கழற்றிப் பைக்குள் போடுவேன். ஒரே கனத் துணியாக இருந்தால் எதைக் கழற்றுவது?

எண் போடாத துணியை எப்படி அறிவது என்பது அடுத்த சங்கதி. வேட்டி, துண்டு என்றால் வீட்டிலேயே முடியும். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, சமையலறைத் தராசில் வந்த கிராமை அதனால் வகுத்தால் போதும். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலமுள்ள நாலு முழ வேட்டி இரண்டரை சதுர மீட்டர். அது 275 கிராம் இருந்தால் 110 ஜிஎஸ்எம். சட்டைக்குத் தையல்காரரிடம் வெட்டில் மிஞ்சிய துண்டைக் கேட்டு, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிக்கொள்ளுங்கள். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். துணி ஆலைகளில் வட்டமாக வெட்டும் கருவி வைத்திருப்பதும் இந்த நூறு சதுர சென்டிமீட்டருக்காகத்தான். ஆனால் அந்தத் துண்டு ஒரு கிராம் சொச்சம்தான் இருக்கும், சமையலறைத் தராசு அதைக் கண்டுகொள்ளாது. சேலத்தில் அதற்கும் வழி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனின் தராசில் நான்கு துண்டுகளை நிறுத்துப் பார்த்தேன். ஒன்று 1.12 கிராம் காட்டியது, ஆக 112 ஜிஎஸ்எம். கொலுசு எடை போடுகிற தட்டில் கந்தல் துணியைக் கொண்டுவந்து வைக்கிறாயே என்று அவன் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

புதுத் துணியின் எடையை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு வேட்டி வாங்கி வந்த அன்று 320 கிராம் இருந்தது. இரண்டு முறை துவைத்துக் காயவைத்து நிறுத்தால் 265. மிச்சம் 55 கிராமும் கஞ்சி! விறைப்பாக நிற்கும் துணியைக் கடையிலேயே ஒரு மூலையில் இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள். தூள் பறந்தாலோ, கசக்கிய இடம் மட்டும் தொய்ந்தாலோ நீங்கள் கஞ்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். டி-ஷர்ட்டில் நடப்பது எதிர்மாறு. துவைத்ததும் நீளத்திலும் அகலத்திலும் ஐந்து ஐந்து சதவீதம் சுருங்கினால் ஜிஎஸ்எம் பத்து, பதினோரு சதவீதம் ஏறிவிடும். 180 போட்டது 200-ஆகும், உங்களுக்குத்தான் இறுகிப்போகும். முன்பே சுருக்கிய துணியா என்று விவரத்தில் பாருங்கள், இல்லையென்றால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.

சேலத்தில் அலுவலகத்துக்கு என்றால் அந்த 120 சட்டையைத் தயங்காமல் வாங்கலாம், நூறு சதவீதப் பருத்தி என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு. 180 டி-ஷர்ட் மாலை நடைக்கும் வீட்டுக்கும் ஆகும். என்னுடைய 240-களில் ஒன்றைத் தோட்டத்து இரவுக் காவலர் கேட்டு வாங்கிக்கொண்டார். தை மாதத்தில் காக்கிச் சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு, இதைப் போல இன்னொன்று இருக்கிறதா என்று விசாரிக்கிறார். இருக்கிறது, இரண்டு.