கேள்வி பதில்: கொர்நேலியு வீட்டுச் சாப்பாடு

பைபிளில் அப்போஸ்தலர் நூலின் 10 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களைச் சேர்ந்து படித்தவர்கள் அனுப்பிய கேள்விகள்.

ஐயா, புறஜாதியாருக்கு (யூதரல்லாதவருக்கு) இரட்சிப்பு, இயேசுவின் சீஷன் பேதுரு தரிசனம் கண்ட அன்றுதான் தொடங்கியதா?

இல்லை. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கிலேயே பூமியின் வம்சங்களெல்லாம் வந்துவிட்டன. ரூத் மோவாபியப் பெண். விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்து, மோசேயின் சட்டத்துக்குள் வருகிறவனை யாரும் தடுக்கவில்லை. யூதனாக மாறாமலே வரலாமா என்பதுதான் சண்டை. செசரியாவில் ரோமப் படையின் நூற்றுக்கதிபதி கொர்நேலியு ஜெபிப்பான், தர்மம் செய்வான். விருத்தசேதனம் மட்டும் இல்லை.

பேதுரு தங்கியிருந்த இடத்தைக் கவனியுங்கள். யோப்பாவில் கடலோரம், தோல் பதனிடுகிற சீமோன் வீடு. செத்த மிருகத்தைத் தொடும் தொழில், நாற்றம் வேறு. தோல் பட்டறை ஊருக்கு 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது பின்னாளில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா. அந்த வீட்டு மாடியில், மத்தியானப் பசியில், தரிசனத்தில் வானத்திலிருந்து துப்பட்டி இறங்குகிறது, அதில் யூதர் தீட்டென்று ஒதுக்கும் மிருகங்களும். ஒரு குரல்: 'அடித்துப் புசி.' மூன்று தரம். அப்புறம்தான் கொர்நேலியு வீட்டுக்குப் போகிறார். நினிவேக்குப் போகமாட்டேன் என்று யோனா கப்பலேறியதும் இதே யோப்பாவில்தான்!

அப்படியென்றால் பன்றிக்கறி சாப்பிடலாமா?

தரிசனத்துக்குப் பேதுருவே 10:28-ல் பொருள் சொல்கிறார்: எந்த மனுஷனையும் தீட்டு என்னக்கூடாது. உணவுக்கு மாற்கு 7:19 பாருங்கள்.

அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பிய மந்திரி கொர்நேலியுவை முந்திக்கொள்ளவில்லையா?

முந்தினவர்தான். ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்று ஊருக்குப் போய்விட்டார். எருசலேமில் யாரும் அவரோடு பந்தியில் உட்கார வேண்டியிருக்கவில்லை. கொர்நேலியு விஷயத்தில் பேதுருமேல் வந்த முதல் குற்றச்சாட்டே, 'அவர்களோடு சாப்பிட்டீரே' என்பதுதான் (11:3).

புறஜாதி என்றால் தாழ்ந்த சாதியா?

எத்தனை முறை சொல்வது! கிரேக்கத்தில் அது 'எத்னே', மக்களினங்கள். கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'பிற இனத்தார்' என்கிறது. நம் ஊர்ச் சாதியை அந்தச் சொல்லுக்குள் ஏற்றாதீர்கள்.

பன்றிக்கறி…

மேலே பார்க்கவும்.

அண்ணா, அந்தியோகியா சபையில் பேதுருவை அப்போஸ்தலன் பவுல் எல்லார் முன்பும் கடிந்தது (கலாத்தியர் 2) அதிகமில்லையா? பேதுரு சமாதானத்துக்காக ஒதுங்கினார். பவுலும் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தாரே!

தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். முழுக் கிரேக்கனான தீத்துவுக்குப் பவுல் அதை அனுமதிக்கவில்லை. அதனால் இது இரட்டை நாக்கு இல்லை.

அந்தியோகியாவுக்கு வருவோம். நேற்றுவரை ஒரே பந்தியில் சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் எழுந்து போகிறார். மீதி யூதரும் எழுகிறார்கள், பவுலின் கூட்டாளி பர்னபாவும்கூட. தட்டோடு உட்கார்ந்திருக்கும் கிரேக்கருக்கு என்ன புரியும்? 'யூதனாகு, அப்புறம் வா.' வாய்திறந்து சொல்லத் தேவையே இல்லை. எல்லார் முன்பும் நடந்ததை எல்லார் முன்பும்தான் கேட்க வேண்டும்.

பேதுரு ஒத்துக்கொண்டாரா?

பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் அதைச் சொல்லாமல் விடுகிறது. ஜெயித்திருந்தால் பவுல் எழுதியிருப்பார் என்பது என் சந்தேகம்.

புறஜாதி விசுவாசிகள் பற்றி முடிவெடுக்கக் கூடிய எருசலேம் சங்கம் இரத்தத்தை விலக்கச் சொன்னதே (15:29), ஆட்டு ரத்தப் பொரியல்?

கடைசியில் ஒரு நல்ல கேள்வி. அந்த விலக்குகளில் பாதிக்குமேல் சாப்பாடுதான். இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார வழி. கிழக்கத்திய சபைகள் பல இன்னும் விலக்குகின்றன. மேற்கில் சபைத் தந்தை அகுஸ்தீன் காலத்திலேயே பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். நான் தொடுவதில்லை, வேதத்துக்காக அல்ல, வாசனை பிடிக்காது.