மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்களை இன்று கேட்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

முதல் தமிழ்ப் பேசும்படத்துக்குப் பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்று படித்ததாகவும், அவர் பாடல்களில் ஒலிப்பதிவாக எஞ்சியிருப்பவற்றை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சினிமாவை ஒதுக்கி வைத்துவிட்டு, கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

அந்தப் படம் 'காளிதாஸ்'. பம்பாய் இம்பீரியல் கம்பெனி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கத்தில், 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. நாயகி டி. பி. ராஜலட்சுமி. காளிதாசன் கதைக்கும் காங்கிரஸ் இயக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் 'இந்தியர்கள் நம்மவர்க்குள் ஏனோ வீண் சண்டை' என்றும், 'ராட்டினமாம் காந்தி கைபாணமாம்' என்றும் ராஜலட்சுமி அந்தப் படத்தில் பாடினார். நாடக மேடையில் கதைக்கு நடுவே தேசியப் பாட்டைச் செருகுவது அப்போது வழக்கம். அந்த வழக்கம் அப்படியே திரைக்கும் வந்துவிட்டது. படத்தின் பிரதி இன்று இல்லை. ஆக, பாஸ்கரதாஸை நமக்கு அறிமுகம் செய்யும் சாதனையே நாம் காதால் கேட்க முடியாத ஒன்றாகிவிட்டது. பாஸ்கரதாஸைத் தேடிப் போகிறவர்கள் 'காளிதாஸ்' என்ற பெயரோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் சினிமா பின்னால் வந்தது. அதற்கு முன்பே நாடகக்காரர்களின் வாயில் அவர் பாட்டு புழங்கிக்கொண்டிருந்தது.

1892இல் பிறந்த அவருடைய இயற்பெயர் வெள்ளைச்சாமி. அவர் எழுதிய காலத்தில் மதுரைதான் ஸ்பெஷல் நாடகங்களின் தலைநகரம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்களை நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்து ஒரே மேடையில் நடிப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் கூட்டம் வந்தது பாட்டுக்காகத்தான். யார் புதுப் பாட்டு வைத்திருக்கிறாரோ அவருக்கு 'ஒன்ஸ்மோர்' கிடைக்கும். நடிகர்கள் பாஸ்கரதாஸைத் தேடி வந்ததற்கு இதுவே காரணம்.

இந்தப் பின்னணியோடு 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' பாட்டை சுந்தராம்பாள் குரலில் கேளுங்கள். முதல் சீரிலேயே 'காந்தியோ' என்று இரண்டு நெடில்கள். பாடகி அந்த ஓகாரத்தில் ஏறி நிற்க இடம் விட்டு எழுதியிருக்கிறார் பாஸ்கரதாஸ். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். ஹார்மோனியத்தை உச்சச் சுருதியில் வைத்துக்கொண்டு பாடிய தலைமுறை அது, சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் அதில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அப்படிப் பாடுகிறவருக்குக் குறிலும் வல்லின மெய்யும் நெருக்கியடித்த வரியைக் கொடுத்தால் மூச்சு முட்டும். எந்த எழுத்தில் குரல் நிற்கும், எதில் வழுக்கும் என்று தெரிந்து எழுதியவர் பாஸ்கரதாஸ். காகிதத்தில் படித்தால் எளிமையாகத் தெரியும் இந்த வரிகள், பாடும்போதுதான் தம் வேலையைக் காட்டுகின்றன. அவரை வெறும் பிரசாரப் பாடலாசிரியர் என்று ஒதுக்குகிறவர்கள் பாட்டைப் படித்திருப்பார்கள், கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் எதுவும் அடங்காது. மேடையில் தாளமில்லாமல் பாடும் தொகையறாவோடு தொடங்கி, கைதட்டலுக்கு ஏற்ப நீண்டுகொண்டே போகக்கூடிய பாட்டை அதற்குள் அடைத்தாக வேண்டும். அதனால் தட்டில் நாம் கேட்பது சாறு மட்டும். மேடைப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்பதை அதிலிருந்து நாமாக விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தட்டு வந்ததால்தான், நாடகம் பார்க்க வழியில்லாதவர்களும், கிராமபோன் இருந்த ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று காந்தியைப் பற்றிய பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்ய முடிந்தது.

'கொக்குப் பறக்குதடி பாப்பா' பாட்டையும் பாஸ்கரதாஸ் எழுதியதாகவே சொல்கிறார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காக்கும் கட்டம். பறவையை விரட்டுவது கதையிலேயே இருக்கிறது. கொக்கு வெள்ளைக் கொக்காகிவிட்டால் அது யாரைக் குறிக்கிறது என்று கூட்டத்துக்கு விளக்கத் தேவையில்லை. முருகன் வேடத்தில் புகழ்பெற்ற எஸ். எஸ். விஸ்வநாததாஸ் இதைப் பாடிப் பாடியே போலீசின் கண்ணில் விழுந்தார். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாடகங்களைத் தடை செய்ய 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசின் கையில் இருந்த காலத்தில் இப்படி எழுதவும் பாடவும் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

தேடும்போது ஒரு சிக்கல் வரும். இசைத்தட்டின் லேபிளில் பாடியவர் பெயர் பெரிதாக இருக்கும், ராகமும் தாளமும் கூட இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. எனவே பாஸ்கரதாஸ் என்று தேடினால் குறைவாகவே கிடைக்கும். பாடகர் பெயரையும் முதல் வரியையும் வைத்துத் தேடுங்கள். யார் எழுதியது என்பதை அக்காலப் பாட்டுப் புத்தகங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். காலணா, அரையணா விலையில் விற்ற அந்த மெலிந்த புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. இணையத்தில் ஏற்றியவர் போட்டிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளையும் அவர் பேரன், நாடக இயக்குநர் முருகபூபதி தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களையும் ஆட்களையும் தெரிந்துகொள்ள அதற்கு நிகரான நூல் இல்லை.

இணையத்தில் கேட்கும் பதிவு கீச்சென்று ஒலித்தால் சுந்தராம்பாளைக் குறை சொல்லிவிடாதீர்கள். அக்காலத் தட்டுகள் எல்லாமே சரியாக நிமிடத்துக்கு 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. தட்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது வேகம் கூடினால் சுருதியும் கூடிவிடும். சற்று வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள், சொற்கள் தெளிவாக விழும்.

பாஸ்கரதாஸ் 1952இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் என்ற நம் நாட்டுச் சட்டப்படி, 2012 முடிவோடு அவர் வரிகளின் காப்புரிமை தீர்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம். இளம் பாடகர்கள் யாராவது இவற்றை எடுத்துப் பாட மாட்டார்களா என்பது என் நெடுநாள் ஆசை.

உங்கள் உறவினர் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் கிடைத்தால், லேபிளை முதலில் இரு பக்கமும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். தட்டில் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் செதுக்கியதுபோல எண் ஒன்று இருக்கும். பாட்டின் பெயரோடு அதையும் குறித்துக்கொண்டால், பதிவை அடையாளம் காண்பது சேகரிப்பாளர்களுக்கு எளிதாகும்.