வீடு மாறியவர்கள் புதிய ஊரில் ஓட்டுப் போட முடியுமா?

முடியும். ஆனால் ஓட்டு தானாக நம் பின்னால் வராது. நாம்தான் கேட்டு மாற்ற வேண்டும்.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும். காரணம் எளிது: ஒரு பகுதியின் எம்.எல்.ஏ.வை அங்கே வாழ்பவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது. சில நாள் வெளியூர் போனதால் உரிமை போய்விடுவதும் இல்லை.

கேஸ் இணைப்பை நினைத்துப் பாருங்கள். அடுப்பும் புத்தகமும் புது வீட்டுக்கு வந்துவிடும். முகவரியை மாற்றும்வரை சிலிண்டர் பழைய வாசலுக்குத்தான் போகும்.

ஓட்டும் அப்படித்தான். அதைப் புது முகவரிக்கு மாற்றுவதற்கான விண்ணப்பம் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். வங்கிப் பாஸ்புக், கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்ற ஏதாவது ஒரு முகவரிச் சான்று போதும். வேலைக்காக ஊர் மாறிய இளைஞர்கள் இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தம். வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலைத் திருத்த முடியாது. அதனால் குடியேறிய கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு.

"வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே, எங்கேயும் போடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அட்டை அடையாளம் மட்டுமே, அந்த வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.