நடைபாதையில் வாழும் பெண்கள், ஊர் தங்களை எப்படிப் பார்ப்பதாக நினைக்கிறார்கள்?

சென்னையை வைத்துச் சொல்கிறேன். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துபவர்கள் உண்டு. பிச்சைக்காரி, இல்லையென்றால் 'ஒரு மாதிரி'. இந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஊர் தங்களைப் பார்க்கிறது என்பது அந்தப் பெண்களில் பலரின் எண்ணம். பூக்கட்டுவது, வீட்டு வேலை, சுமை தூக்குவது என்று உழைப்பவர்களுக்கு முதல் பட்டம்தான் அதிகம் சுடும். 1945-இல் வந்த பிச்சைத் தடுப்புச் சட்டமும் அந்தப் பார்வைக்குத் துணைபோனது.

இரண்டாவது பட்டம் அன்றாடத்தையே மாற்றிவிடுகிறது. விடிவதற்குள் குளியல், புடவையை மறைப்பாகப் பிடிக்க இன்னொருத்தி வேண்டும். பொதுக் கழிப்பறை இரவில் மூடிவிடும் என்பதால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை, நீர்க்கடுப்பு அதனால்தான். வயசுப் பெண்ணை நடுவில் படுக்க வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் தூங்குவார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் முகவரியைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் திருட்டுப் பட்டமும் சேரும்.

'காப்பகம் இருக்கிறதே' என்பார்கள். நகரத்தில் ஒவ்வொரு லட்சம் மக்களுக்கும் 100 பேருக்காவது காப்பகத்தில் இடம் வேண்டும் என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனால் பெண்கள் காப்பகத்தில் கணவனுக்கும் வளர்ந்த மகனுக்கும் இடமில்லை, பிழைப்பும் சாலையோரத்தில்தான். மறுப்பதைத் திமிர் என்று படிப்பது தவறு.

பேசப் போனால் 'நீங்க' என்றே பேசுங்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண் 181.