பொருந்தாத இருவர் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்குத் திருமணமாகி 29 ஆண்டுகள். பிள்ளைகள் தனித்தனியே போய்விட்டார்கள். சென்ற மாதம் நானும் மனைவியும் இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வை எழுதிப் பார்த்தோம். ஐந்து குணங்களில் நான்கில் நாங்கள் நேர் எதிர். அவள் எதற்கெடுத்தாலும் பதறுவாள், நான் எதற்கும் அசையமாட்டேன். அவளுக்குப் பேச ஆள் வேண்டும், எனக்குத் தனிமை போதும். இத்தனை வருடமும் பொருந்தாத ஒரு வாழ்க்கையைத்தான் ஓட்டியிருக்கிறோமா என்ற கேள்வி தூங்கவிடவில்லை. அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. சிலர் உறவில் நிறைவோடு இருக்கிறார்கள், சிலர் இல்லை என்றால், அந்த வித்தியாசத்தில் குண ஒற்றுமைக்கு இருந்த பங்கு அரை சதவீதம்கூட இல்லை. அவரவர் சொந்த இயல்பின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். துணையின் இயல்புக்கு அதைவிடக் குறைவு. நடுவயதையும் முதுமையையும் எட்டிய தம்பதிகளை 12 ஆண்டுகள் கவனித்த மற்றோர் ஆய்வில், குணம் ஒத்தவர்களிடம்தான் நிறைவு அதிகமாகச் சரிந்திருந்தது.

அதற்காக இயல்பு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1930களில் லோவல் கெல்லி என்ற உளவியலாளர், மணம் நிச்சயமான 300 ஜோடிகளைப் பதிவுசெய்தார். 1980கள்வரை அவர்களைத் தொடர்ந்தார்கள். மணமுறிவையும் அதிருப்தியையும் முன்கூட்டிக் காட்டியவை முக்கியமாக மூன்று: மனைவியின் எளிதில் கலங்கும் மனம், கணவனின் எளிதில் கலங்கும் மனம், கணவனிடம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் இல்லாமை. அந்தக் கலக்கத்தைத்தான் உளவியலில் நியூராட்டிசிசம் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பதறுகிற ஆள் நான். ஒருநாள் மாலை கதவு படாரென்று சாத்திக்கொண்டது. காலையில் நான் சொன்ன ஒரு வார்த்தையை என் மனம் அந்த நொடியிலேயே தேடிப்பிடித்து, அந்தக் கோபத்தில்தான் கணவர் கதவை அறைகிறார் என்று முடிவுகட்டிவிட்டது. இரவுச் சாப்பாடுவரை நான் வாய் திறக்கவில்லை. என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. கடைசியில் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். சொன்னேன். "ஜன்னல் திறந்திருந்தது, காத்துல சாத்திக்கிச்சு" என்றார்.

பதற்றம் உறவை அரிப்பது இப்படித்தான். நடந்ததைவிட, நடந்ததற்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் வலிக்கிறது. அவரும் பேசாமல் எழுந்து போயிருந்தால், என் கற்பனை அன்று இரவே உண்மையாகியிருக்கும்.

அதனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது மனைவியின் பதற்றம் அல்ல, "நான் எதற்கும் அசையமாட்டேன்" என்ற வரி. நிதானம் பெரிய வரம்தான். ஆனால் பதறுகிறவருக்கு உங்கள் நிதானம் வெளியே தெரிகிறதா? தெரியாத நிதானத்தை அவர் அக்கறையின்மை என்றுதான் படிப்பார். 43 ஆய்வுகளிலிருந்து 11,000க்கும் அதிகமான தம்பதிகளின் தரவைத் திரட்டி 2020இல் செய்த பகுப்பாய்வில், உறவில் நிறைவு உண்டா என்பதைக் குணங்களைவிட அதிகம் சொன்னவை உறவைப் பற்றிய அவரவர் உணர்வுகள்தான்: துணை இந்த உறவில் உறுதியாக நிற்கிறார் என்ற நம்பிக்கை, துணையின் மீதுள்ள மதிப்பும் நன்றியும். இந்த வயதுக்குமேல் குணம் லேசில் மாறாது. ஆனால் அந்த நம்பிக்கையைத் தர இன்று மாலையே முடியும்.

எதற்கும் அசையாத உங்களை இந்தக் கேள்வி தூங்கவிடவில்லை என்கிறீர்கள். இந்த உறவு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் காட்டியது அதுதான். உங்கள் மனைவிக்கு அது தெரியாது. தயவுசெய்து கடிதத்தையும் இந்தப் பதிலையும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

அன்புடன்.