கேள்வி – பதில்: விளக்கு முந்தி அணைகிறது, மோட்டார் முந்தி ஓடுகிறது

ஆள் வந்தால் மாடிப்படி விளக்கு எரிந்து, 2 நிமிடம் கழித்து அணையும்படி வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் ஆட்டோமேஷன் எழுதியிருக்கிறேன். படியில் ஆள் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. சென்சார் கோளாறா?
– வாசகர், ஈரோடு

சென்சாரை மாற்றாதீர்கள். ‘மோட்’ (ஓட்டமுறை) வரியை எழுதாமல் விட்டால் ஆட்டோமேஷன் ‘சிங்கிள்’ முறையில்தான் ஓடும். முதல் ஆளுக்கான 2 நிமிட ‘டிலே’ (காத்திருப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஏறினால், அந்த ட்ரிக்கர் (ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) கணக்கிலேயே சேராது. லாகில் (பதிவேட்டில்) ‘ஆல்ரெடி ரன்னிங்’ என்று ஓர் எச்சரிக்கை விழும், அவ்வளவுதான். முதல் ஆளுக்கு வைத்த நேரம் முடிந்ததும் விளக்கு அணையும்.

மோடை ‘ரீஸ்டார்ட்’ ஆக்குங்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஆள் அசைந்துகொண்டே இருந்தால் பல சென்சார்கள் ‘ஆன்’ நிலையிலேயே நிற்கும். ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறினால்தான் ட்ரிக்கர் அடிக்கும் என்பதால் அங்கே ரீஸ்டார்ட்டுக்கு வேலையே வராது. எனவே விளக்கைப் போட்டவுடன் டிலே வைக்காமல், சென்சார் ஆஃப் ஆகும்வரை காத்திருக்கும் ‘வெயிட் ஃபார் ட்ரிக்கர்’ வரியை வையுங்கள். அதன் பிறகு 2 நிமிட டிலே, கடைசியில் விளக்கை அணைக்கும் வரி. நடுவில் யாராவது வந்தால் ஓட்டம் முதலிலிருந்து தொடங்கும்.

வால்வைத் திறக்க ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) வைத்திருக்கிறேன். அதைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வரியில் மோட்டாரைப் போடுகிறேன். வால்வு திறக்க 10 நொடி ஆகிறது, மோட்டாரோ உடனே ஓடுகிறது. வரிசை ஏன் மாறுகிறது?
– வாசகர், திருப்பூர்

வரிசை மாறவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. ‘ஸ்கிரிப்ட் டர்ன் ஆன்’ என்று கூப்பிட்டால், அந்த ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்கிரிப்டை அதன் பெயரிலேயே நேரடியாகக் கூப்பிட்டால் அது முடியும்வரை நிற்கும்.

அப்படி மாற்றினாலும் உங்கள் சிக்கல் முழுதாகத் தீராது. வால்வு ஸ்கிரிப்டில் ரிலேயை (கட்டளையால் இயங்கும் சுவிட்சை) போடும் வரி மட்டும் இருந்தால், ரிலேக்குக் கட்டளை போனதுமே அது முடிந்துவிடும். வால்வு அப்போதுதான் சுழலத் தொடங்கியிருக்கும். முதலில் வால்வின் கம்பிகளை எண்ணுங்கள். 5 கம்பி வால்வுகளில் பொதுவாக இரண்டு, திறந்த நிலையையும் மூடிய நிலையையும் தெரிவிக்கும் ஃபீட்பேக் கம்பிகள். அந்தத் திறந்த நிலையை ஒரு சென்சாராக எடுத்து, மோட்டாரைப் போடும் வரிக்கு முன்னால், நிபந்தனை உண்மையாகும்வரை காத்திருக்கும் ‘வெயிட் டெம்ப்ளேட்’டில் கொடுங்கள். ‘டைம்அவுட்’ (அதிகபட்சக் காத்திருப்பு) 30 நொடி. கூடவே ‘கன்டின்யூ ஆன் டைம்அவுட்’டை ‘ஃபால்ஸ்’ ஆக்க மறக்காதீர்கள். எழுதாவிட்டால் அது ‘ட்ரூ’. அப்போது வால்வு சிக்கிக்கொண்டாலும் 30 நொடி முடிந்ததும் மோட்டார் ஓடி, மூடிய குழாயில் அழுத்தம் ஏறும்.

இங்கே வெயிட் ஃபார் ட்ரிக்கர் வேண்டாம். வால்வு ஏற்கெனவே திறந்திருந்தால் புதிதாக மாற்றம் எதுவும் நிகழாது, ஓட்டம் வீணாகக் காத்து நிற்கும். டெம்ப்ளேட் அப்போதைய நிலையைப் பார்க்கும்; திறந்திருந்தால் உடனே தாண்டிவிடும்.

ஃபீட்பேக் கம்பி இல்லாத வால்வு என்றால் 15 நொடி டிலேதான் வழி. அது நேரத்தை மட்டும் எண்ணும், வால்வு திறந்ததா என்று பார்க்காது. மாற்றிய பிறகு ‘ட்ரேஸ்’ பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு படியும் எத்தனை மணிக்கு ஓடியது என்று பாருங்கள். வழக்கமாகக் கடைசி 5 ஓட்டங்களே அதில் இருக்கும்.

ஒரே ட்ரிக்கரில் இரண்டு ஆட்டோமேஷன் வைத்து, முதலாவது முந்தும் என்று நம்புவோரும் உண்டு. அதற்கு உத்தரவாதமே இல்லை. வரிசை முக்கியமென்றால் ஒரே ஆட்டோமேஷனில் எழுதுங்கள்.

25 நிமிடத்தில் நிற்க வேண்டிய மோட்டார் சில நாள் நிற்பதே இல்லை. டாஸ்மோட்டா (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) உள்ள ரிலே மூலம், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்குகிறேன்.
– வாசகர், மதுரை

25 நிமிட டிலே ஓடும்போது ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினால் அந்த டிலே தொலைந்துவிடும். அணைக்கும் வரிக்கு வரவே வராது. அந்த ஆட்டோமேஷனை நடுவில் திருத்திச் சேமித்தாலும் இதே கதிதான்.

அணைக்கும் பொறுப்பை ரிலேயிடமே கொடுங்கள். டாஸ்மோட்டா கன்சோலில் ‘பல்ஸ்டைம்1’ கட்டளைக்கு 1600 என்று கொடுக்க வேண்டும். 112-க்கு மேற்பட்ட எண்ணில் 100-ஐக் கழித்தால் வருவது நொடி. 1500 நொடி என்பது 25 நிமிடம். 1500 என்றே போட்டால் 100 நொடி முன்னதாக நின்றுவிடும். ‘பவர்ஆன்ஸ்டேட்’டை 0 ஆக்கிவிடுங்கள்; மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது மோட்டார் தானாக ஓடாது. வைஃபை போனாலும் ரிலே தன் நேரத்துக்கு அணைத்துவிடும்.