பக்கத்து வீட்டு திங்கக்கிழமை மெயில்: மார்மன் மிஷனரி பசங்க வீட்டுக்கு எழுதற லெட்டர் பத்தி கேள்வி பதில்

போன வாரம் பேச்சுவாக்குல எங்க பக்கத்து வீட்டு பையன் மிஷன் முடிச்சு வந்த கதைய சொன்னேன், அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நினைக்கல. தெரியாதவங்களுக்கு: மார்மன்னா யூட்டால தலைமையிடம் இருக்கற ஒரு கிறிஸ்தவ சர்ச், அவங்க பசங்க வேற ஊருக்குப் போய் மதத்த பரப்பற வேலைதான் மிஷன். முன்னாடியே சொல்லிடறேன், நாங்க மார்மன் இல்ல, வீட்ல பிள்ளையார்தான். அமெரிக்கால யூட்டா மாநிலத்துல ஓரெம்னு ஒரு ஊர்ல 18 வருஷமா இருக்கோம், பக்கத்து வீட்ல அஞ்சு பிள்ளைங்க, அதுல மூணு பேரு மிஷன் போனாங்க: பெரியவன் 2008ல பிரேசில், பொண்ணு 2014ல தைவான், கடைக்குட்டி 2021ல நெப்ராஸ்கா. மூணு பேர் எழுதினதையும் அந்தம்மா கிச்சன் டேபிள்ல உக்காந்து எனக்கு படிச்சுக் காட்டியிருக்காங்க, அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், மதத்த பத்தி சண்டை போடறவங்க வேற எடம் பாருங்க.

இட்லிப்பொடி: அக்கா, வெள்ளச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ் போட்டுட்டு ரெண்டு ரெண்டு பேரா வந்து கதவத் தட்டுவாங்களே, அவங்கதானே? வீட்டோட பேசவே கூடாதாமே, நிஜமா?

அவங்களேதான். பேசவே கூடாதுன்னு இல்ல, ஆனா 2019 பிப்ரவரி வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டே போன் கால், கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, மதர்ஸ் டேக்கு ஒண்ணு. மத்தபடி வாரத்துக்கு ஒரு லெட்டர் இல்லன்னா மெயில். அவங்களுக்கு வாரத்துல லீவு மாதிரி ஒரு நாள் உண்டு, பிரிபரேஷன் டே, சுருக்கமா பி-டேம்பாங்க, பெரும்பாலும் திங்கக்கிழமை. துணி துவைக்கறது, மளிகை வாங்கறது, முடி வெட்டிக்கறது, வீட்டுக்கு எழுதறது எல்லாம் அன்னைக்குத்தான்.

பெரியவன் பிரேசில்ல இருந்தப்போ மதர்ஸ் டே கால் வந்தத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். காலைல இருந்து அந்தம்மா போன யாரையும் தொட விடல, தாத்தா பாட்டி அத்தைன்னு ஹால் முழுக்க ஆளு, மறக்கக் கூடாதுன்னு ஆளாளுக்கு கேள்விய துண்டு சீட்டுல எழுதி கையில வச்சிருந்தாங்க. போன் அடிச்சுது, ஸ்பீக்கர்ல போட்டாங்க, அவன் ஹலோன்னு சொன்னதோட சரி, அப்புறம் யாரும் சீட்ட பாக்கவே இல்ல, ஒரே அழுகை. பையனுக்கு நடுநடுவுல இங்கிலீஷ் வார்த்தை வராம போர்ச்சுகீஸ் வாய்ல வந்துடுச்சு, அதக் கேட்டு தாத்தா சிரிச்சாரு பாருங்க. இப்ப வாராவாரம் பி-டேல வீடியோ கால் பண்ணலாம், அந்தக் கூட்டமெல்லாம் கூடறதில்ல.

ராத்திரி ஷிப்ட்: எந்த ஊருன்னு யாரு முடிவு பண்றது? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது, கைக்காசு. அமெரிக்க குடும்பம்னா மாசம் 400 டாலர் கட்டிட்டு இருந்தாங்க, 2020 ஜூலைல இருந்து 500, விலைவாசி ஏறின ஊருக்கு போனாலும் ஏறாத ஊருக்கு போனாலும் அதே தொகைதான். ஊர நம்ம தேர்ந்தெடுக்க முடியாது, சால்ட் லேக் சிட்டில சர்ச் தலைமை முடிவு பண்ணும். முன்னெல்லாம் அது பெரிய வெள்ளக் கவர்ல தபால்ல வரும், சொந்தக்காரங்கள கூப்பிட்டு வச்சு பிரிப்பாங்க, 2018 கடைசில இருந்து ஆன்லைன்லயே வந்துடுது. கடைக்குட்டிக்கு நெப்ராஸ்கான்னு வந்தப்போ ஒரு நிமிஷம் வீடே கப்சிப். அண்ணன் பிரேசில், அக்கா தைவான், இவனுக்கு கார்லயே போயிடற தூரம்!

பசங்களுக்கு 2 வருஷம், பொண்ணுங்களுக்கு 18 மாசம். 2012ல வயச குறைச்சாங்க, பசங்களுக்கு 19ல இருந்து 18, பொண்ணுங்களுக்கு 21ல இருந்து 19, அதுக்கப்புறம் எங்க தெருல வீட்டுக்கு ஒருத்தர் கிளம்பின மாதிரி இருந்துச்சு.

கும்பகோணம் காபி: வாராவாரம் எழுத அப்படி என்னக்கா இருக்கு? நான் ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு எழுதினது மொத்தமே "பணம் அனுப்பவும்" தான்.

ஹாஹா. இதுதான் நான் எதிர்பாத்த கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பெரியவனோட மொத லெட்டர் பிரேசில்ல இருந்து வரல, எங்க வீட்ல இருந்து கார்ல பத்து பதினஞ்சு நிமிஷத்துல போயிடற ப்ரோவோ ட்ரெயினிங் சென்டர்ல இருந்து வந்துச்சு. அங்க ரெண்டு மாசம் போர்ச்சுகீஸ் படிச்சான். பத்து நிமிஷ தூரம்தான், ஆனா போய் பாக்கக் கூடாது. ஜன்னல்ல மலை தெரியுதும்மான்னு எழுதியிருந்தான், அதே வாசாட்ச் மலை எங்க வீட்டுப் பின்னாடியும் தெரியும், அந்தம்மா அன்னைக்கு பாத்திரம் கழுவற சிங்க் முன்னாடி நின்னு அந்த மலையவே பாத்துட்டு இருந்தாங்க.

பிரேசில் போனப்புறம் மொத மூணு மாசம் முழுக்க சாப்பாட்டுக் கதை. யாரு வீட்ல என்ன போட்டாங்க, எது பிடிக்கல, எத மூச்ச பிடிச்சுட்டு முழுங்கினேன். அப்புறம் கதவு சாத்தின கதை, நாய் துரத்தின கதை, சைக்கிள் பஞ்சர். அதுக்கப்புறம்தான் கம்பானியன் கதை வரும். கம்பானியன்னா ஜோடியா வேலை பாக்கற இன்னொரு மிஷனரி, தூங்கறது எந்திரிக்கறது சாப்பிடறது எல்லாம் அவனோடதான், தனியா எங்கயும் போகக்கூடாது. டிரான்ஸ்பர் பொதுவா ஆறு வாரத்துக்கு ஒரு தடவ, அப்பதான் ஜோடி மாறும், சில சமயம் அப்பவும் மாறாது. 19 வயசுல முன்ன பின்ன தெரியாத ஒருத்தனோட 24 மணி நேரமும் ஒட்டிட்டு இருக்கறத யோசிச்சுப் பாருங்க, நம்ம கல்யாணமே பரவால்லன்னு தோணும்.

அந்தம்மா லெட்டர படிக்கற விதமே வேற. என்ன எழுதியிருக்கான்னு ஒரு தடவ படிப்பாங்க, என்ன எழுதலன்னு இன்னொரு தடவ. கம்பானியன் பேரு ரெண்டு வாரமா வரலன்னா சண்டை. வெயில் மழைய பத்தி நாலு வரி இருந்தா வீட்டு ஞாபகம். "எல்லாம் சூப்பர்"னு ஆச்சரியக்குறி வரிசையா போட்டிருந்தா அந்த வாரம் எதுவுமே சூப்பர் இல்ல. அஞ்சாவது மாசம் ஒரு மெயில் வந்துச்சு, மொத்தமே நாலு வரி, மழை, நடந்தோம், நல்லா இருக்கேன், நீங்க கவலப்படாதீங்க நான் நல்லா இருக்கேன். "ரெண்டு தடவ நல்லா இருக்கேன்னு சொல்றான், என்னமோ ஆயிடுச்சு"ன்னாங்க. நான் கூட சும்மா இருங்க, லான் ஹவுஸ்ல, அதாவது அந்த ஊரு பிரவுசிங் சென்டர்ல, டைம் முடிஞ்சிருக்கும்னு சமாதானம் சொன்னேன். ஒரு மாசம் கழிச்சு எழுதறான், அப்ப எனக்கு டெங்கு இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு. அதுக்கப்புறம் நான் அவங்களுக்கு சமாதானம் சொல்றத விட்டுட்டேன்.

டாலஸ் மாமா: லெட்டர சர்ச் ஆளுங்க பிரிச்சுப் படிச்சு அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டேன், ஜெயில் மாதிரி.

இல்ல மாமா, இந்த மூணு பேர் விஷயத்துல யாரும் பிரிச்சுப் படிக்கல. வாராவாரம் மிஷன் பிரெசிடென்டுக்கு தனியா ஒரு லெட்டர் எழுதணும், அந்த ஏரியா மிஷனரிங்க எல்லாருக்கும் அவர்தான் பொறுப்பு, அத கேட்டு யாரோ இத கட்டி விட்டிருப்பாங்க. சென்சார்னு ஒண்ணு இருந்தா அது பையன் மனசுலதான். அவன் எழுதறது அம்மாவுக்கு மட்டும் இல்லன்னு அவனுக்கே தெரியும், அப்பா அத ஆபீஸ்ல ஃபார்வர்ட் பண்ணுவாரு, சர்ச்ல அவங்க வார்டு, அதாவது அவங்க ஏரியா சபை ஆளுங்க படிப்பாங்க, பாட்டி பிரிண்ட் எடுப்பாங்க. அம்பது பேரு படிக்கற லெட்டர்ல எவன் அழுவான்? தைவான் போன பொண்ணு இதுல புத்திசாலி, ஊருக்கு ஒரு மெயில், அம்மாவுக்கு மட்டும் தனியா ரெண்டு வரி. அந்த ரெண்டு வரிதான் லெட்டர், இன்னொன்னு நியூஸ் பேப்பர்.

அவ மெயில் வேற எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரியே வந்துடும், அங்க அப்ப திங்கக்கிழமை காலைல. அந்தம்மா ஞாயிறு சாயந்திரம் யார் கூப்பிட்டாலும் வெளிய வரமாட்டாங்க.

மல்லிப்பூ: வீட்ல இருந்து இவங்க என்ன எழுதுவாங்க? சாவு, சீக்கு எல்லாம் சொல்லுவாங்களா?

நல்ல கேள்விம்மா. அனுப்பற வழி மொதல்ல. ப்ரோவோல இருக்கற வரைக்கும் டியர் எல்டர்னு ஒரு சர்வீஸ் இருந்துச்சு, ஆன்லைன்ல டைப் பண்ணா அங்கயே பிரிண்ட் எடுத்து அன்னைக்கே உள்ள குடுத்துடுவாங்க. தபால் சரியில்லாத நாடுகளுக்கு அப்பல்லாம் சர்ச்சே பை கட்டி கொண்டு போகும், அதுல ஒரே ஒரு தாள், மூணா மடிச்சு, கவர் போடாம டேப் ஒட்டி அனுப்பணும், நம்ம இன்லாண்ட் லெட்டர் மாதிரியே.

பெரியவன் போய் ஒரு வருஷத்துல பாட்டி தவறிட்டாங்க. சொல்லத்தான் செஞ்சாங்க, மறைக்கல. ஆனா அவன் வரல. தாத்தா பாட்டி சாவு, அண்ணன் தங்கச்சி கல்யாணம் இதுக்கெல்லாம் வழக்கமா திரும்ப வர்றதில்ல. எனக்கு இது இன்னைக்கும் ஏத்துக்க முடியல, அந்தம்மா கிட்டயே சொல்லியிருக்கேன், நம்ம பக்கம் பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும்னு நினைக்கறவங்க. அவங்க கோவிச்சுக்கல, அவன் எழுதின லெட்டர எடுத்துக் காட்டினாங்க. பாட்டி கையால செஞ்ச ரோல் பிரெட்டு வாசனைய பத்தி ரெண்டு பக்கம், சாமி பேரு ஒரே ஒரு எடத்துல. இறுதிச்சடங்குல அப்பா அதத்தான் படிச்சாரு.

சிங்கிள் பசங்க சங்கம்: லவ்வர் இருந்தா என்ன பண்ணுவாங்க?

காத்திரு ராசாத்தின்னு சொல்லிட்டு போவாங்க. டேட்டிங் கிடையாது, லெட்டர் மட்டும். முக்காவாசி கதை "நீ நல்லவன், ஆனா எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்"னு ஒரு லெட்டர்ல முடியும், அதுக்கு டியர் ஜான் லெட்டர்னே பேரு. பெரியவனுக்கும் வந்துச்சு. அந்த வாரம் மெயில்ல வெயில பத்தி ஆறு வரி.

பேரு வேணாம்: பாதில திரும்பி வந்தா அவமானமா? எங்க டீம்ல ஒரு பையன் இதப் பத்தி பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடறான்.

அவன் கிட்ட கேக்காதீங்க, பேச விடுங்க. உடம்பு, மனசு சரியில்லாம நிறைய பேரு முன்னாடியே வராங்க, ரூல்படி அது தப்பே இல்ல, ஆனா ஊரு வாய்? எங்க தெருல ஒரு பையன் எட்டே மாசத்துல வந்துட்டான். முழுசா முடிச்சு வர்றவனுக்கு ஏர்போர்ட்ல பலூன், பேனர், இருபது பேரு. இவனுக்கு அப்பா மட்டும் போய் ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு வந்தாரு. அவனோட கடைசி லெட்டர்கள் எல்லாமே ரொம்ப சந்தோஷமா இருந்துச்சாம், அவங்கம்மா சொல்லி சொல்லி அழுதாங்க. இந்த விஷயத்துல வீடியோ கால் வந்தது எவ்வளவோ மேல், முகம் பொய் சொல்லாது, சொன்னாலும் அம்மாங்களுக்கு தெரிஞ்சுடும்.

பழைய பேப்பர்: இது எப்ப இருந்து நடக்குது? நம்ம பக்கம் வந்திருக்காங்களா?

சர்ச் ஆரம்பிச்சதே 1830ல, அந்த வருஷமே கிளம்பிட்டாங்க. மெட்ராஸுக்கே வந்திருக்காங்க சார்! 1852 ஆகஸ்ட்ல சால்ட் லேக் சிட்டில ஒரு கூட்டத்துல வெளிநாடு போறவங்க பேர படிச்சாங்க, அதுல ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒருத்தர், அங்க மொத சண்டே ஸ்கூல் ஆரம்பிச்சவர். சான் பிரான்சிஸ்கோல கப்பல் ஏறினாங்க, கப்பல் பேரே மான்சூன், 1853 ஏப்ரல்ல கல்கத்தா, ஜூலைல மெட்ராஸ். 1854ல அங்க ஒரு பத்திரிகை கூட அச்சடிச்சார். ஆளு ஒண்ணும் பெருசா சேரல, திரும்பி வீடு போய் சேர 1855 செப்டம்பர் ஆயிடுச்சு. மூணு வருஷம், பொண்டாட்டி பிள்ளைங்க யூட்டால. அப்ப கடிதம் போய் சேர மாசக்கணக்காகும், இங்க எழுதினதுக்கு அங்க இருந்து பதில் வர்றதுக்குள்ள குழந்தை நடக்க ஆரம்பிச்சிருக்கும்.

இன்னொருத்தர் ஜோசப் எஃப் ஸ்மித், 1854ல ஹவாய் போனப்போ வயசு 15தான். அப்பாவ 1844ல கொன்னுட்டாங்க, அம்மா 1852ல போயிட்டாங்க, எழுத வீட்ல யாரு? தங்கச்சி மார்த்தா ஆன். அவளுக்கு எழுதின லெட்டர்லாம் இன்னைக்கும் பத்திரமா இருக்கு. அவர்தான் பின்னாடி 1901ல சர்ச்சுக்கே தலைவரானாரு.

இட்லிப்பொடி: கடைசியா ஒண்ணுக்கா, கையால இன்னும் யாராவது எழுதறாங்களா?

ரொம்ப கம்மி. பெரியவன், பொண்ணு மெயிலெல்லாம் பிரிண்ட் எடுத்து அந்தம்மா ஃபைல் போட்டு வச்சிருக்காங்க, பெரியவனுது மட்டுமே ரெண்டு தடி ஃபைல். கடைக்குட்டிக்கு வாராவாரம் வீடியோ கால், அதனால மெயில்ல போட்டோ மூணு, வரி ரெண்டு, ஃபைல் பாதி கூட ரொம்பல. "அவன தினமும் பாத்த மாதிரி இருந்துச்சு, இப்ப கையில ஒண்ணும் இல்ல"ன்னாங்க. எனக்கும் அதேதான் தோணுது, ஆனா டெங்குவ ஒரு மாசம் கழிச்சு தெரிஞ்சுக்கறதுக்கு இது தேவலாம்.

தாத்தா மட்டும் விடல. அவரு 1962ல ஜெர்மனி போனவர், அப்பல்லாம் வேற பாஷை ஊருன்னா ரெண்டரை வருஷம், அவரு அம்மாவுக்கு எழுதின ஏர்மெயில் தாளெல்லாம் ஒரு ஷூ பெட்டில இருக்கு. எனக்கு மெயிலும் வேணாம் வீடியோவும் வேணாம், பேப்பர்ல எழுதுன்னு கடைக்குட்டி கிட்ட கறாரா சொல்லிட்டாரு. ரெண்டு வருஷத்துல மொத்தம் ஏழு லெட்டர் வந்துச்சு, கோழி கிறுக்கின மாதிரி கையெழுத்து, மூணாவதுல பாதிப் பக்கம் சோளக் காடு மட்டும் வரைஞ்சிருக்கான். அந்த ஏழும் அதே ஷூ பெட்டில, ஜெர்மனி லெட்டருக்கு மேலாப்புல.